கிழட்டு ஷெர்மனும் 105 மி.மீ. பீரங்கியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எம்-51 அமெரிக்க டாங்கியா, இஸ்ரேல் டாங்கியா?

பதில்: உடல் அமெரிக்கா, பீரங்கி பிரான்ஸ், கைவேலை இஸ்ரேல். இரண்டாம் உலகப் போர்க்கால எம்4ஏ1 ஷெர்மனுக்கு 1960களில் 460 குதிரைத்திறன் கம்மின்ஸ் டீசல் எஞ்சினையும் பிரெஞ்சு 105 மி.மீ. பீரங்கியையும் பொருத்தினார்கள். இதை ‘சூப்பர் ஷெர்மன்’ என்று பலரும் எழுதுகிறார்கள். இஸ்ரேலியப் படை அந்தப் பெயரை வைத்திருந்தது 76 மி.மீ. ஷெர்மனுக்கு.

கேள்வி: பழைய கோபுரம் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி) அவ்வளவு பெரிய பீரங்கியை எப்படித் தாங்கியது?

பதில்: அப்படியே வைத்தால் தாங்காது. பிரான்ஸின் ஏஎம்எக்ஸ்-30 டாங்கியின் பீரங்கிக் குழலைக் குட்டையாக்கி, முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் அமைப்பைச் சேர்த்தார்கள். கோபுரத்தின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்; முன்பாரத்தை ஈடுகட்டும் எதிர் எடை அது.

அதைவிட எனக்குப் பிடித்தது குண்டுதான். கவசத்தை உருக்குலைக்கும் உலோகத் தாரையைப் பீய்ச்சும் வகை இது. ஆனால் வரிக்குழலிலிருந்து (உட்புறம் சுருள் வரிகள் வெட்டிய குழல்) கிளம்பும் குண்டு சுழலும். சுழன்றால் தாரை சிதறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்தை உட்கூட்டில் அடைத்து, அதைப் பால் பேரிங்குகளின்மேல் உட்காரவைத்தார்கள். வெளிக்கூடு பம்பரமாய்ச் சுற்றும், உள்ளே இருப்பது ஏறக்குறைய சும்மா இருக்கும். 400 மி.மீ. எஃகைத் துளைக்கும்; எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டாலும் அந்தத் திறன் குறையாது.

கேள்வி: அண்ணா, போரில் சாதித்ததா? வார் தண்டர் என்ற கணினி விளையாட்டில் எனக்கு ஒரே அடியில் போய்விடுகிறது.

பதில்: சாதித்தது. 1967 அரபு-இஸ்ரேல் போரில் மேற்குக்கரையில் ஜோர்டானின் அமெரிக்கத் தயாரிப்பு பாட்டன் டாங்கிகளோடு ஷெர்மன்கள் மோதின. 1973 போரில் எம்-51கள் சோவியத் டி-62 டாங்கி வரை எதிர்கொண்டன. முன்கவசம் மட்டும் பழைய 63 மி.மீ.தான். அதனால் ஒரே அடியில் போவது விளையாட்டின் குறையல்ல, தம்பி. மேட்டுக்குப் பின்னால் நின்று, சுட்டதும் பின்வாங்கு.

கேள்வி: வார் தண்டரில் என் குண்டு எதிரியைத் தொடாமலே வெடிக்கிறதே?

பதில்: நடுவே மரவேலி இருந்திருக்கும். இந்த வகைக் குண்டின் முனை எதைத் தொட்டாலும் வெடித்துவிடும். நானே ஒருமுறை பக்கவாட்டில் அசையாமல் நின்ற ஜெர்மன் டைகர் டாங்கியைக் குறிவைத்துச் சுட்டு, வேலிக்கட்டையைச் சாம்பலாக்கினேன். டைகர் நிதானமாகக் கோபுரத்தைத் திருப்பியது. இன்னொன்று: துளை ஊசிபோல் குறுகலாக விழுவதால் உள்ளே சேதம் பரவாது. குண்டு அடுக்கிய இடத்தையோ சுடுபவரையோ குறிவையுங்கள்.

கேள்வி: எகிப்திடமும் இப்படி ஒன்று இருந்ததாமே?

பதில்: ஆம். எகிப்து தன் ஷெர்மன்மீது பிரான்ஸின் இலகுரக டாங்கியான ஏஎம்எக்ஸ்-13இன் கோபுரத்தையே தூக்கி வைத்தது. அதிலிருந்த 75 மி.மீ. பீரங்கியும், எம்-51க்கு முன்னோடியான இஸ்ரேலின் எம்-50இல் இருந்ததும் ஒன்றே. இரு தரப்புக்கும் கடைக்காரர் பிரான்ஸ்!

கேள்வி: ஓய்வுபெற்ற ஷெர்மன்கள் என்னவாயின?

பதில்: சில உடல்களில் எஞ்சினை முன்னுக்கு மாற்றி, பின்னால் ஸ்ட்ரெச்சர்கள் வைத்துக் கவச ஆம்புலன்ஸாக்கினார்கள். விளையாட்டில் அதை ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை.