மழைக்காலமும் பள்ளிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனை ஏற்றிச் செல்லும் வேன் காலை 6.45 மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடுகிறது. மழை விடுமுறை அறிவிப்போ சில நாட்களில் 7 மணிக்குப் பிறகுதான் வருகிறது. முந்தைய நாள் மாலையே அறிவிப்பதில் என்ன சிரமம்? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதை நம் மாநிலத்தில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே முடிவு செய்கிறார். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் அவரே. அவர் கையில் இருப்பது வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான முன்னறிவிப்பு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.5ஐ எட்டினால் அதிகனமழை என்பது அந்த மையத்தின் கணக்கு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் எச்சரிக்கைகள் இதையும், மழையால் விளையக்கூடிய பாதிப்பையும் கருதி விடப்படுகின்றன. ஆனால் முன்னறிவிப்பு மாவட்டம் முழுமைக்குமானது. மாவட்டத்தின் ஒரு மூலையில் கொட்டித் தீர்க்கும் மழை மறு மூலையில் தூறலாகவே நின்றுவிடுவதுண்டு. தவிர, வடகிழக்குப் பருவத்தில் கடலோர மாவட்டங்களில் மழை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் பெரும்பாலும் வலுக்கிறது. அதனால்தான் அதிகாலை நிலவரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஆட்சியர்கள் காத்திருக்கிறார்கள்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரத்துப் பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பது குறைவு. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் விடுமுறை என்றால் காலை உணவும் மதிய சத்துணவும் அன்று இல்லை. பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும். ஏரியும் வாய்க்காலும் நிறைந்து ஓடும் நாளில் அது எங்கே விளையாடப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் என் கருத்து உங்கள் பக்கமே. சிவப்பு எச்சரிக்கை இருந்தால் முந்தைய இரவு 8 மணிக்குள்ளும், ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் காலை 5.30 மணிக்குள்ளும் அறிவிப்பு வந்துவிட வேண்டும். புயல் வரும்போது இது நடக்கத்தான் செய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு முன்கூட்டியே விடுமுறை அறிவிக்கப்பட்டது. எதிர்பார்த்த மழை பெய்யாமல் போனால் இழந்த நாளை ஒரு சனிக்கிழமையில் மீட்டுக்கொள்ளலாம். பிள்ளை பாதி வழியில் தண்ணீரில் சிக்கிக்கொண்டால் அதற்கு அப்படி ஓர் ஈடு கிடையாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் விடுமுறைக் கடிதப் படங்களை நம்ப வேண்டாம். அவற்றுள் பழைய ஆண்டுக் கடிதங்களும் போலிகளும் கலந்திருக்கும். ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தையோ தொலைக்காட்சிச் செய்தியையோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு வராத நிலையிலும் உங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் பிள்ளையை அனுப்பாமல் பள்ளிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காலையில் நல்ல வெயில் அடிக்கிறது; பிற்பகல் 2 மணிக்கு இடியும் மழையும் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சில பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். ஆசிரியர்கள் என்ன செய்வது? (நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: விடுமுறை விடுவது பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்த பின் மழை பிடித்தால் என்ன ஏற்பாடு என்பதைக் கேட்பவர்களோ மிகக் குறைவு. மழை நாளின் ஆபத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் யாரும் எதிர்பாராத வகையில் பிற்பகலில் தொடங்கிய மழையால் சாலைகள் நீரில் மூழ்க, அலுவலகம் விட்டுக் கிளம்பியவர்கள் பல மணி நேரம் வழியில் தவித்தனர். மின்சாரம் தாக்கி உயிர் இழந்தவர்களும் உண்டு. வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், மழை உச்சத்தில் இருக்கும்போது 8 வயதுப் பிள்ளையைப் பையோடு வெளியே அனுப்புவதை எப்படி ஏற்க முடியும்? இடி மின்னலின்போது நல்ல கட்டடத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடங்கள் ஆகும்வரை யாரையும் மைதானத்துக்கோ மரத்தடிக்கோ விடக் கூடாது. சன்னல் கம்பிகளின் அருகிலும் பிள்ளைகளை நிற்க வைக்க வேண்டாம். ஓட்டுக் கட்டடத்திலோ ஒழுகும் அறையிலோ இருக்கும் வகுப்பை உறுதியான கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றுங்கள். ஈரம் ஏறிய சுவரில் உள்ள சுவிட்சுகளைத் தொடாமல் முதன்மை இணைப்பையே அணைத்துவிடுவது நல்லது.

மழை தணிந்த பிறகும் மொத்தமாகத் திறந்துவிடக் கூடாது. நடந்து செல்பவர்களில் யார் யார் வாய்க்காலையோ தரைப்பாலத்தையோ கடக்க வேண்டியவர்கள் என்னும் பட்டியல் அக்டோபருக்கு முன்பே உங்கள் மேசையில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பெற்றோரோ, பெற்றோர் முன்பே பெயர் கொடுத்த ஒருவரோ வந்து கையெழுத்திட்டு அழைத்துச் செல்லும்வரை பள்ளியிலேயே வைத்திருங்கள். அறுந்து கிடக்கும் கம்பி, தேங்கிய நீருக்குள் நிற்கும் மின்கம்பம், தண்ணீர் நிறைந்த சுரங்கப்பாதை ஆகியவை வழியில் உண்டா என்று ஒருவர் பார்த்துவந்து சொன்ன பிறகே பள்ளிப் பேருந்து கிளம்ப வேண்டும். தாமதமாகிறதே என்ற பதற்றத்தில் ஓட்டுநர் தண்ணீருக்குள் வண்டியை இறக்குவதற்குப் பள்ளி நிர்வாகமே காரணமாகிவிடக் கூடாது. உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அழையுங்கள்.

சில மாவட்டங்களில், உள்ளூர் மழை நிலவரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர்களே விடுமுறை குறித்து முடிவெடுக்கலாம் என்று ஆட்சியர்கள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அந்த அதிகாரம் கிடைத்த நாளில், வகுப்பைக் கலைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை உறுதிசெய்வதும் அதோடு சேர்ந்த பொறுப்பு என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: மழைக்கு விடுமுறை விட்டுவிட்டு அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்பது பிள்ளைகளுக்குத் தண்டனை இல்லையா? (கடலூர் வாசகர்)

பதில்: தண்டனை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரை 220 வேலை நாட்களும் வேண்டும் என்கிறது. தொடர்ந்து பல சனிக்கிழமைகளை அடுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக வைக்கும்படி பெற்றோர் கேட்பது நியாயமே.

கேள்வி: ஒரு வார மழைக்குப் பின் பள்ளி திறந்துவிட்டது. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் கழிப்பறைச் சுவரில் விரிசல் தெரிகிறது. யாரிடம் சொல்வது? (திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்தனர். அதன் பின்னரே பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி மாநிலம் முழுவதும் வேகம் பிடித்தது. வகுப்பறையைப் பார்வையிடுகிறவர்கள் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஊறிய மண்ணில் நிற்கும் இத்தகைய சுவர்கள் மழை விட்டுச் சில நாள் கழித்தும் விழக்கூடும்.

விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் எழுத்தாகவே கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே என்பதால், அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் பதிவுசெய்ய உங்களால் முடியும். அது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் ஒன்றிய அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். பள்ளி நிவாரண முகாமாக இருந்திருந்தால் குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் இட்டார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பொறியாளர் வந்து பார்க்க நாளாகலாம். அந்தச் சுவரைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகளுக்கு வேறு கழிப்பறை காட்டுவதைத் தலைமையாசிரியர் இன்றே செய்துவிட முடியும்.