தொழிலுக்குள் தொண்டு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோவையில் தொழிலாளர் சட்ட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். என் கணவர் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர். நூற்பாலை, பவுண்டரி (உலோக வார்ப்பாலை)த் தொழிலாளர்கள் மிகுதியாக வாழும் பகுதியில் எங்கள் நண்பர்கள் ஞாயிறுதோறும் நடத்தும் இலவச மருத்துவ முகாமில் நாங்கள் இருவரும் சில ஆண்டுகளாகப் பங்கேற்கிறோம். அவர் நோயாளிகளைப் பார்ப்பார். நான் பதிவு மேசையில் உட்கார்ந்து பெயரும் வயதும் எழுதுவேன், பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றி யாரேனும் கேட்டால் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன்.

இனியும் தொடர முடியுமா என்ற ஐயம் வந்துவிட்டது. எனக்கு வழக்குக் கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. என் கட்சிக்காரர்களில் தொழிலாளர்களும் உண்டு, நிர்வாகங்களும் உண்டு என்பதால் முகாமில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற தயக்கமும் இருக்கிறது. அவருக்கு வகுப்பு, வார்டு, தேர்வுப்பணி ஆகியவற்றோடு பதவி உயர்வுக்கான ஆய்வுக் கட்டுரைகளும் காத்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், ஞாயிற்றுக்கிழமையும் எங்களைப் பார்க்க முடிவதில்லை என்கிறாள். முதலில் நிலைபெறுங்கள், தொண்டெல்லாம் ஓய்வுக்குப் பிறகு என்று மூத்தவர்கள் அறிவுறுத்துகிறார்கள். போகாத ஞாயிறுகளில் குற்றவுணர்வும் போன ஞாயிறுகளில் அயர்ச்சியுமாக நாட்கள் கழிகின்றன. நிறுத்திவிடலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

தொண்டை நிறுத்த வேண்டாம். ஆனால் ஞாயிறு முகாமை இப்போதுள்ள வடிவில் நீங்கள் இருவரும் விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன். இவ்விரண்டும் முரணல்ல என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்தப் பதிவு மேசைதான். தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடும் ஒருவர் அங்கே அமர்ந்து பெயரும் வயதும் எழுதுகிறார். சமூக மருத்துவம் கற்பிக்கும் ஒருவர் உள்ளே இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எழுதித் தருகிறார். பயனுள்ள வேலைதான், ஆனால் அதைச் செய்ய ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் ஒருவரும் பயிற்சி மருத்துவர் ஒருவரும் போதும். பஞ்சுத் தூசும் மணல் தூசும் எவ்வாறு நோயாகின்றன என்பதையும், அந்நோய் எவ்வாறு சட்டப்படியான உரிமையாகிறது என்பதையும் அறிந்தவர்கள் அந்தக் கூடத்தில் நீங்கள் இருவர் மட்டுமே. அந்த அறிவு அங்கே பயன்படாமல் கிடக்கிறது. உங்கள் அயர்ச்சிக்கு நேரமின்மை ஒரு காரணம் என்றால், உங்களுடைய படிப்பும் தேர்ச்சியும் கேட்காத வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருவது இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பவுண்டரியில் ஃபெட்லிங் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வார்ப்பில் ஒட்டிய மணலைத் தேய்த்து எடுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு பல ஆண்டுகளாக அவருடைய நுரையீரலில் படிகிறது. இருமலும் மூச்சிரைப்பும் வந்தபின் மருத்துவமனைக்குப் போகிறார். எக்ஸ்ரேயில் தெரியும் நிழல்களைக் காசநோய் என்று கொள்வது எளிது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்தத் தூசு நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிக அதிகம் என்பதால் அந்த முடிவு பல நேரங்களில் பாதி உண்மையாகவும் இருக்கும். அவர் என்ன வேலை செய்கிறார், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகள் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும் அதைச் சீவும் கார்டிங்கிலும் வேலை செய்பவருக்குப் பஞ்சுத் தூசால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயும் இப்படிப்பட்டதே. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்ககால அடையாளம். கேட்டால் மட்டுமே தெரியவரும் அடையாளம் அது.

அந்தக் கேள்விகளைக் கேட்டு, விடையை ஓ.பி. சீட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் பெரும்பாலும் நியமன ஆணையும் இருப்பதில்லை, ஊதியச் சீட்டும் இருப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் வேலை மாறும்போது அவரைப் பற்றிய பதிவுகள் எல்லாம் அற்றுப்போகின்றன. பின்னொரு நாளில் இழப்பீடு கோரும்போது, தகராறு எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரசு மருத்துவர் ஒருவர் தம் கையால் “பவுண்டரி, ஃபெட்லிங், 8 ஆண்டுகள்” என்று எழுதிய தாள் தன்னளவில் முழுச் சான்றாகாது என்றாலும், மற்றச் சான்றுகளுக்குப் பெருந்துணையாக நிற்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று பணித்ததற்கும் காரணம் இதுதான். தூசினால் வரும் நோய்கள் மெதுவாக வருபவை. பதிவு அவற்றைவிட நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இதற்கு உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டியதில்லை. தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 89ஆம் பிரிவு, தம்மிடம் வரும் தொழிலாளிக்கு மூன்றாம் அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய் இருப்பதாகக் கருதும் எந்த மருத்துவரும் தாமதமின்றித் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது; தவறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். சிலிக்கோசிஸ், பிசினோசிஸ், ஈய நஞ்சு, பேரிரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஆகியவை அந்த அட்டவணையில் இருந்தன. இந்தக் கடமை, அச்சட்டத்தின் இடத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தம் துறையின் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் தொழில் விவரம் கேட்கும் பழக்கத்தையும் அறிவிப்புப் படிவம் எழுதும் முறையையும் அவர் கற்பித்தால், அது அவருடைய சம்பளத்துக்குரிய வேலையே. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் வந்துவிட்டது. அதற்கான பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உங்கள் முகாம் நடக்கும் குடியிருப்பின் பெயரை அவர் முன்வைக்கலாம். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒழுங்கான ஒப்புதலுடன் சேர்க்கப்படும் அந்தப் பதிவுகளிலிருந்தே அவருக்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளும் பிறக்கும். அதைத் தன்னலம் என்று அவர் கூச வேண்டியதில்லை. தொழிலாளரின் நோய் எழுத்தில் ஏறாதவரை கொள்கை வகுப்போரின் கண்ணில் அது இல்லை.

உங்கள் இருவரின் துறைகளும் ஒன்றாக வளர்ந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற தொண்டு இல்லத்தில், 1897இல் நோயியல் பேராசிரியராக அந்நகருக்கு வந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் தங்கினார். பகலில் கல்லூரி, மற்ற நேரத்தில் சுற்றுப்புற ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம். அதே இல்லத்தில் வாழ்ந்தவர் ஃபுளோரன்ஸ் கெல்லி. 1893இல் இலினாய் மாநிலத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகி, அப்பதவியில் இருந்தபடியே சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். ஹாமில்டன் குழந்தைகளுக்கான மருத்துவ நிலையத்தோடு நின்றிருந்தாலும் நல்லவர் என்றே நினைக்கப்பட்டிருப்பார். ஆனால் தம் மருத்துவ அறிவு முழுமையாகத் தேவைப்படும் வேலை எது என்று அவர் தேடினார். 1910இல் இலினாய் மாநிலம் தொழில்சார் நோய்களை ஆராய்ந்தபோது, மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியும் தொழிற்சங்கத் தலைவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்தும் தொழிலாளர் வீடுகளுக்கே நடந்துசென்றும் ஈய நஞ்சுக்கு ஆளானவர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, ஆபத்தான தொழில்களில் மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனையையும் நோய் அறிவிப்பையும் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது.

நேரப் பங்கீட்டிலும் அவரிடம் கற்க ஒன்று உண்டு. 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் பெண் ஆசிரியராக அழைத்தபோது, ஆண்டில் பாதி மட்டுமே கற்பிப்பேன், மறுபாதி என் கள ஆய்வுக்கும் ஹல் ஹவுஸுக்கும் என்று பேசி முடித்துக்கொண்டு சேர்ந்தார். 1935இல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியர் பதவிக்கு மேல் அவரை அப்பல்கலைக்கழகம் உயர்த்தவில்லை. அந்த அநீதியைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் கணவர் பதவி உயர்வைத் துறக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். எவ்வளவு நேரம் தரமுடியும் என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளும் அந்தத் தெளிவைத்தான் சுட்டுகிறேன். அரசுப் பணியில் இருப்பவர் ஊதியமில்லாத பணியாயினும் துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

உங்கள் பங்குக்கு வருகிறேன். தொழிற்தகராறு சட்டம், 1947இன் 36ஆம் பிரிவு எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்ற அனுமதியும் இன்றித் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்றுவதைத் தடுத்தது. அதேவேளை, பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி தம் உறுப்பினருக்காக வாதாட வழிசெய்தது. தமிழ்நாட்டில் அந்த மரபில் பழகித் தேர்ந்த சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள், ஆனால் அடுத்த தலைமுறையில் அவர்கள் குறைந்துவருகிறார்கள். இதற்கிடையில் 29 தொழிலாளர் சட்டங்கள் 4 தொகுப்புகளாக்கப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எந்த உரிமை எந்தத் தொகுப்பில் எந்தப் பிரிவில் போய்ச் சேர்ந்தது என்று மில் தொழிலாளிக்கு எளிய தமிழில் விளக்க ஆளில்லை. முகாமில் வருவோர் போவோருக்குத் தனித்தனியே பதில் சொல்வதைவிட, சங்கங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களையும் இளைஞர்களையும் சிறு குழுவாகச் சேர்த்து, கோரிக்கை மனு எழுதுவது, ஈ.எஸ்.ஐ. பலன் கேட்பது, ஆவணங்களை வரிசைப்படுத்துவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். வழக்கே நடத்த வேண்டியவரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களையும் பட்டியல் சாதியினரையும் போலவே தொழிலாளரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். ஏழைக்கு இலவச உதவி வழக்கறிஞரின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று கூறும் வழக்கறிஞர் மன்ற விதியே, அவரவர் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. குற்றவுணர்வு எழும்போது அந்தச் சொற்றொடரையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத ஒன்றைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் நல்லெண்ணம் முழுவதும் இதில் உடைந்துபோகலாம். கணவர் மருத்துவச் சான்று தந்த தொழிலாளியின் வழக்கை மனைவி நடத்தக்கூடாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் கேள்வி அந்த உறவு பற்றியதாகவே இருக்கும், உண்மையான நோயும் ஐயத்துக்கு உள்ளாகும், நட்டம் தொழிலாளிக்கு. நோயாளியின் எழுத்துப்பூர்வ இசைவின்றி அவருடைய உடல்நிலை பற்றிய ஒரு சொல்கூட உங்கள் வீட்டு உணவு மேசைக்கு வரக்கூடாது. உங்கள் கட்சிக்காரராக உள்ள நிர்வாகத்தின் தொழிலாளி ஆலோசனை கேட்டால், காரணத்தை விளக்காமல், வேறொரு வழக்கறிஞரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். தொண்டின் வழியாக அறிமுகமான எவரிடமும் கட்டண வழக்கு ஏற்பதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். வழக்குத் தேடிச் செல்வதை உங்கள் தொழில் விதிகள் தடுக்கின்றன என்பதோடு, அந்த மக்களின் நம்பிக்கைக்கும் அதுவே காவல். உங்கள் இரு துறைகளும் வகுப்பறையிலும் பயிற்சியிலும் இணையட்டும், ஒரே வழக்கில் இணைய வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு செய்யலாம் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976இல் 58 வயதில் ஓய்வு பெற்று 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதைப் பலரும் அறிவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியிருந்த நிலையில், பணிக்காலத்திலேயே அவர் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார் என்பதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. கிராமத்து நோயாளி ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை, ஒரு நாளில் எத்தனை அறுவை சிகிச்சைகளை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பனவற்றை அவர் கற்றது அங்கேதான். ஓய்வுக்குப் பின் அவர் தொடங்கியது, பணிக்காலத்தில் கற்றதன் தொடர்ச்சி. அதுவரை தொண்டின் பக்கமே போகாதவருக்கு 60 வயதில் நேரம் கிடைக்கலாம், மக்களின் பழக்கமும் நம்பிக்கையும் அன்றே தொடங்கி அன்றே கிடைத்துவிடாது.

மகள் சொல்வது நியாயமானது. அவளுக்கு விளக்கம் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மட்டும் பயிற்சி வகுப்புக்கு என்று வைத்துக்கொண்டு, மற்ற ஞாயிறுகளில் அழைப்பு வந்தாலும் மறுத்துவிடுங்கள். வகுப்பு நடக்கும் ஞாயிறு மாறாமல் இருக்க வேண்டும். எப்போது வருவார்கள் என்று தெரியாத பத்துப் பேரைவிட, சொன்ன நாளில் தவறாமல் வரும் ஒருவரைத்தான் அந்தக் குடியிருப்பு நம்பும். முகாம் நண்பர்களிடம் இம்மாற்றத்தைத் திடீரென அறிவிக்காமல், பதிவு மேசைக்கும் மருத்துவர் இருக்கைக்கும் மாற்று ஆட்களைப் பழக்கிவிட்டு விலகுங்கள். பதிவேட்டில் பெயர், வயது என்ற இரு பத்திகளுக்குப் பக்கத்தில் வேலை, பிரிவு, ஆண்டுகள் என்ற மூன்று பத்திகளையும் சேர்த்துவிட்டு, அந்தத் தாளின் நகல் தொழிலாளியின் கையிலும் இருக்கும்படி செய்துவிட்டு வாருங்கள்.

சங்கத்தினருக்கான முதல் வகுப்பின் பாடக்குறிப்பைத் தமிழில் எழுதியதும் எனக்கு அனுப்பி உதவுங்கள். இங்கே வெளியிட்டால், திருப்பூரிலும் ராஜபாளையத்திலும் அதே வேலையைச் செய்ய எண்ணும் வேறு சிலருக்கும் அது பயன்படும்.

அன்புடன்