குமுளிக் குளிரும் மோர்ஜே ஒயினும்

கேள்வி: இத்தாலியில் மலை மேல் விளையும் திராட்சையில்தான் நல்ல வெள்ளை ஒயின் வருகிறது என்கிறார்கள். கம்பத்தைவிடக் குமுளி குளிர்ச்சி. இங்கே பந்தல் போட்டால் அந்தச் சுவை வருமா?
- வாசகர், குமுளி

பதில்: வராது. உயரத்தைவிட, பழம் பழுக்கும் மாதத்தில் பகலுக்கும் இரவுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதுதான் முக்கியம். திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக், மாலிக் அமிலங்களுடையது. சூடு கூடினால் பழம் மாலிக்கை எரித்துத் தீர்த்துவிடும். பகல் வெயில் சர்க்கரையை ஏற்ற வேண்டும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காக்க வேண்டும்.

இத்தாலியில் மோன் பிளாங்க் மலையடியில் மோர்ஜே, லா சால் கிராமங்களில் 900 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் பிரியே பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ரகம் விளைகிறது. அங்கும் பந்தல்தான். ஆனால் கம்பத்துப் பந்தலில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அங்கே குனிந்துதான் நுழைய வேண்டும். பகலில் சூடேறிய மண்ணும் கல்லும் இரவில் விடும் வெப்பம் குலைக்குப் போய்ச் சேரத்தான் அவ்வளவு தாழ்வு. சீக்கிரம் பழுக்கும் ரகம் என்பதால்தான் குளிர் முந்துவதற்குள் அறுக்க முடிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்செரா வேர்ப்பூச்சி அங்கே காலூன்றாததால், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன அந்தக் கொடிகள்.

குமுளியில் மழைமேகம் போர்வையாக மூடும். பகல் சூடும் இரவுச் சூடும் நெருங்கிவிடும். இலை காயாமல் அடிச்சாம்பல் நோய் ஏறும். கொடி உறங்கப் பனிக்காலமும் கிடையாது.

கேள்வி: பன்னீர் திராட்சையைப் பிழிந்து வைத்தால் சாறு சீக்கிரமே பழுப்பேறுகிறது. மோர்ஜே வெள்ளை ஒயின் மட்டும் எப்படி வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது?
- வாசகி, கம்பம்

பதில்: சாற்றிலுள்ள நொதியும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. விடியலில் அறுத்து, குளிர வைத்து, விதை நசுங்காமல் மெதுவாகப் பிழியுங்கள். அழுத்திப் பிழிந்தால் கசப்பு இறங்கும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துத் தெளிந்ததை மட்டும் மண்டி கலங்காமல் வடித்தெடுங்கள். ஒயின் கூடத்திலும் தொடக்கம் இதுதான். கூடவே சிறிதளவு கந்தக டையாக்சைடு சேர்த்துக் காற்றின் வேலையைத் தடுப்பார்கள்.

பிறகு 15 முதல் 18 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்க விடுவார்கள். 25-ஐத் தாண்டினால் கரியமில வாயுவோடு வாசனையும் பறந்துவிடும். ஈஸ்டுக்கு நைட்ரஜன் ஊட்டம் போதாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நொதித்து முடிந்ததும் குளிரிலேயே வைப்பார்கள். இல்லையென்றால் பாக்டீரியா மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றி, மலை சேர்த்துத் தந்த புளிப்பைக் கெடுத்துவிடும்.

உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் நொதிக்க வைப்பது குற்றம். நீங்கள் சாற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.