வடிகட்டினால் ஈயம் குறைவது ஏன்?
வணக்கம். ஒரே போர்வெல் தண்ணீரில் வடிகட்டாத மாதிரியில் ஈயம் அதிகம், வடிகட்டியதில் குறைவு, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஈயம் கரைந்து மட்டும் வருவதில்லை. களிமண், இரும்புத் துரு போன்ற நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டும் வரும். ஆய்வகத்தின் 0.45 மைக்ரான் வடிதாளில் பெரியவை நின்றுவிடும், மிகச் சிறியவை நழுவிவிடும். உலோகங்கள் இப்படி ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போகும்! அமெரிக்காவின் நெவாடாவில் 1968-இல் நிலத்தடியில் வெடித்த பென்ஹாம் என்ற சோதனை அணுகுண்டின் புளூட்டோனியம் என்னும் கதிரியக்க உலோகம் 1.3 கி.மீ. தள்ளி, கிணற்று நீரின் நுண்துகள்களில் கிடைத்தது.

மோட்டாரை வேகமாக ஓட்டினால் அடிவண்டல் கலங்கி அளவு கூடும். மெதுவாக இறைத்து, தண்ணீர் தெளிந்த பிறகு இரண்டு மாதிரியும் எடுங்கள். மாதிரியைப் பாதுகாக்க ஆய்வகத்தில் அமிலம் சேர்ப்பார்கள்; அதற்கு முன்பே வடிகட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துகளில் ஒட்டிய ஈயமும் கரைந்துவிடும். குடிப்பதற்கு வடிகட்டாத அளவுதான் கணக்கு. அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டினால், தயவுசெய்து குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.