கேமரா பை: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் தெருமுனைக் கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதை ஒரு மாதமாகப் படமெடுக்கப் பார்க்கிறேன். டீ கயிறு மாதிரி வர வேண்டும் என்று ஆசை. செல்போன் தானாக எடுத்தால் கை, டீ, குவளை எல்லாமே பழுப்புத் தீற்றலாக வருகிறது. ஷட்டரை 1/1000 விநாடிக்கு ஏற்றினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். போனில் கோளாறா?
– வாசகர், விருதுநகர்

போனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பட்டை விழுவதற்குக் காரணம் டீக்கடையின் டியூப்லைட். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். மலிவு எல்.இ.டி. விளக்குகளில் இந்த மங்கல் இன்னும் மோசம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. போனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் எடுக்கிறது. ஷட்டர் 1/1000 என்றால் சில வரிகளுக்கு வெளிச்சமான நேரம் கிடைக்கும், சில வரிகளுக்கு மங்கிய நேரம்தான். அதுதான் பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு ஒவ்வொரு வரிக்கும் கிடைத்துவிடும், பட்டை மறையும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. நீங்கள் கேட்கும் கயிறு 1/1000இல் வராது. அந்த வேகத்தில் டீ முறுக்கு முறுக்காக, கீழே போகப் போக முத்து முத்தாக உடைந்து தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம். வழுவழுவென்ற கயிறு வேண்டுமானால் 1/100தான் சரி. அப்படியானால் இதுவரை தீற்றலாக வந்தது ஏன்? தானியங்கி முறையில் போன் 1/30க்கு இறங்கியிருக்கும், நீங்களும் மாஸ்டரின் கை நகரும்போது அழுத்தியிருப்பீர்கள்.

மாஸ்டரின் மேல்கையை மட்டும் ஐந்தாறு தடவை சும்மா பாருங்கள். கை மேலே போகும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு இறங்கும். அந்த ஒரு கணம்தான் உங்களுக்கு. கை நிற்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதம். நிற்கப் போகிறது என்னும்போதே பர்ஸ்டை (அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முறை) தொடங்கிவிடுங்கள். ஃபோகஸைக் கீழ்க்குவளையின் விளிம்பில் வைத்துப் பூட்டுங்கள். அது அதிகம் ஆடாது. இரண்டு கைகளும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நேர் எதிரே நில்லுங்கள். சாய்ந்து நின்றால் ஒரு குவளை தெளிவாகவும் மற்றது கலங்கியும் வரும்.

ஆவியும் வேண்டுமா? அதற்குப் பின்னால் இருட்டு வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னிருந்தோ வர வேண்டும். காலை ஏழு, ஏழரைக்கு வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் கடை என்றால், கரி படிந்த உட்சுவர் பின்னணியில் வரும்படி நின்றுகொள்ளுங்கள். வெள்ளை டைல்ஸ் பின்னணியில் எந்த ஆவியும் தெரியாது. வெயில் விழுகிற இடத்தில் டியூப்லைட்டின் கை ஓங்காது என்பதால் அங்கே 1/1000 வைத்து முத்துப் படத்தையும் எடுத்துப் பார்க்கலாம். கேமராவில் எஃப் 4 (லென்ஸ் திறப்பு), ஐ.எஸ்.ஓ. 400 (ஒளி உணர்திறன்) என்று தொடங்குங்கள். போனில் லென்ஸ் திறப்பு பெரியது, ஐ.எஸ்.ஓ. 100 போதும். பாய்லருக்குப் பக்கத்தில் போனை நீட்டாதீர்கள், லென்ஸில் ஆவி படிந்துவிடும்.

முதலில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கேளுங்கள். காலை நெரிசல் ஓய்ந்த நேரத்தில் கேட்டால் மாஸ்டரே இன்னும் ஒரு முழம் உயர்த்தி ஆற்றிக் காட்டுவார்.

உள்ளூர்க் காட்சிகளை எடுக்க எந்த போன் வாங்கலாம்?
– வாசகர், ஆம்பூர்

கையில் இருப்பதன் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி மூட்டமாக வருவதற்குப் பாதி நேரம் விரல் பிசுக்குதான் காரணம்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. படம் எடுத்தால் எழுத்தே தெரியவில்லை, வெறும் கல்லாக வருகிறது. மைதா மாவோ சாக்பீஸ் பொடியோ தடவினால் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, அரியலூர்

கூடவே கூடாது. மாவு கல்லின் துளைகளில் இறங்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் பூசணமும் பூச்சியும் வரும். தேய்த்துக் கழுவினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து தேயும். எண்ணெய் அதைவிட மோசம்.

வெட்டெழுத்து என்பது பள்ளம். பள்ளம் தெரிய வேண்டுமானால் அதில் நிழல் விழ வேண்டும். நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் பள்ளமும் மேடும் ஒரே அளவு வெளிச்சமாகும், எழுத்து காணாமல் போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒருவரைச் சுவரோரம் நிறுத்தி, டார்ச்சைச் சுவரை உரசுகிற மாதிரி 10, 15 டிகிரி சாய்வில் பிடிக்கச் சொல்லுங்கள். டார்ச் எழுத்திலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும். முதலில் இடப்பக்கத்திலிருந்து ஒரு படம், பிறகு மேலிருந்து ஒன்று. இரண்டும் தேவை. வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் கிடையாது. இடப்பக்க வெளிச்சத்தில் படுக்கைக் கோடுகள் மங்கும், மேல் வெளிச்சத்தில் நேர்க்கோடுகள் மங்கும். ‘ப’வும் ‘ய’வும் ஒன்றாகத் தெரிந்து குழப்புவதெல்லாம் இப்படி நேர்வதுதான்.

சூரியனும் இந்த வேலையைச் செய்யும், நாள் பார்த்துப் போக வேண்டும். பங்குனித் தொடக்கத்தில் உச்சிப் பொழுதுக்குத் தெற்குச் சுவரை வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் நிழலில் கிடக்கும் வடக்குச் சுவருக்கு ஆனி மாத நண்பகல். அப்போது சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு உச்சிக்குச் சற்று முன்னும் பின்னும் இதே சாய்வு கிடைக்கும். மேலே கொடுங்கை (கல் கூரையின் வளைந்த விளிம்பு) நீட்டிக்கொண்டு நிழல் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளமான கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முயலாதீர்கள். போனைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, ஒவ்வொரு படத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு மறுபடி வரும்படி நகர்ந்து நகர்ந்து எடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை இப்படித்தான் எடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில், துண்டு துண்டாக எடுத்து 21 அச்சுகளை ஒட்டியதில் நீளம் 19 அடி வந்தது. உங்கள் கையில் இருப்பது அதைவிட எளிய கருவி.

அனுமதி தனி விஷயம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் முக்காலி வைக்கவும் தனி அனுமதி வேண்டும்.

ரயில் ஜன்னலிலிருந்து எடுக்கும் படங்களில் கம்பங்கள் சாய்ந்து நிற்கின்றன, ஏ.சி. பெட்டியில் என் முகமே கண்ணாடியில் விழுகிறது. ராமேசுவரம் போகிறேன், பாம்பன் பாலத்தை நன்றாக எடுக்க வேண்டும்.
– வாசகி, கோவை

சாயும் கம்பத்துக்கும் மேலே சொன்ன வரிவரிக் கணக்குதான் காரணம். சென்சார் கடைசி வரியை எடுப்பதற்குள் கம்பம் நகர்ந்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் கம்பம் தெளிவாகும், ஆனால் சாய்வு போகாது. ஜன்னலுக்கு நேர் எதிரே எடுக்காமல், ரயில் போகும் திசையை நோக்கியோ பின்னோக்கியோ சாய்த்து எடுத்தால் சாய்வு பெருமளவு குறையும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 1/1000 விநாடிக்குள் ரயில் 2 செ.மீ.க்கு மேல் நகர்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய புதருக்கு அது நிறைய, தூரத்துப் பனைமரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே கிட்ட இருப்பதை விட்டுத் தள்ளுங்கள், 1/500இல் தூரத்தைப் பிடியுங்கள்.

பாம்பனுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில்தான் இப்போது ரயில் ஓடுகிறது. கடலைப் பாலத்தின் மேலிருந்து பார்க்க ஜன்னல் நல்ல இடம். பாலத்தையே பார்க்க வேண்டுமானால் பக்கத்துச் சாலைப் பாலம்தான் இடம். அங்கே பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் எடுங்கள்.

கண்ணாடிப் பிம்பத்துக்குத் துப்பட்டா போதும், கறுப்பாக இருந்தால் நல்லது. லென்ஸைக் கண்ணாடிக்கு ஒரு விரல் இடைவெளியில் பிடித்துச் சுற்றி மூடுங்கள். கண்ணாடியில் அழுத்தினால் பெட்டியின் அதிர்வு லென்ஸுக்கு வந்துவிடும். வெளிப்புற அழுக்குக்கு மட்டும் மருந்தில்லை. நின்ற ஸ்டேஷனில் இறங்கி, நடைமேடைப் பக்கத்து ஜன்னலானால் ஈரத்துணியால் ஒரு துடை. வாசற்படியில் நின்று எடுக்கும் யோசனை வேண்டாம்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. கேமராவை வாங்கிய தோல் பையிலேயே பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
– வாசகர், நாகப்பட்டினம்

அந்தத் தோல் பைதான் வினை. அது பூஞ்சை. கடலோரக் காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். லேசான வலை என்றால் லென்ஸைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் துடைத்துத் தருவார். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. நீங்களே பிரிக்காதீர்கள்.

இனிமேல், ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் 200 கிராம் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 60 தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், 30க்குக் கீழே வெகுநாள் இருந்தால் ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். 120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். அரிசிக்குள் போட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தூசிதான் மிச்சம். வாரம் ஒரு முறை எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள். புழங்கும் லென்ஸில் பூஞ்சை எளிதில் குடியேறாது.

குடும்பப் படங்களை 4க்கு 6 அளவில் அச்சுப் போட்டால் ஓரத்தில் நிற்பவர்களின் தோள் வெட்டுப்படுகிறது.
– வாசகி, கும்பகோணம்

போன் படம் 4:3, அச்சுத் தாள் 3:2. படுக்கையாக எடுத்த படத்தில் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும், நிறுத்தி எடுத்ததில் அகலத்தில் அதே அளவு போகும். உங்களுடையது நிறுத்தி எடுத்ததாக இருக்கும். எடுக்கும்போதே ஓரங்களில் இடம் விடுங்கள், அல்லது வெள்ளை ஓரத்தோடு முழுப் படமாகப் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். 4க்கு 6க்குக் குறைந்தது 1800க்கு 1200 புள்ளி வேண்டும்.

பயணப் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுதி வைக்கிறேன். எல்லாம் ‘இயற்கையின் எழில்’ என்றே முடிகிறது. என்ன எழுதலாம்?
– வாசகர், மட்டக்களப்பு

படத்தில் தெரிவதை எழுத வேண்டாம். தெரியாததை எழுதுங்கள். கருவாடு காயவைக்கும் அம்மா படத்தில் இருக்கிறார். அது என்ன மீன், எத்தனை நாள் வெயில் வேண்டும், மழை இருட்டினால் எதைப் போட்டு மூடுகிறார் என்பது படத்தில் இல்லை. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் பேச்சிலேயே குறித்துக்கொண்டால் உங்கள் நாலு வரியில் இரண்டு முடிந்தது. அன்றிரவே எழுதுங்கள். மூன்றாம் நாள் எழுதினால் எழில்தான் வரும்.

கேமராவும் போனும் இரண்டையும் தூக்கிப் போகிறவர் என்றால், கிளம்பும் காலையில் போனின் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டின் படங்களையும் நேரப்படி அடுக்கும்போது எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று அதில் தெரிந்துவிடும். அச்சுப் போட்ட படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் புடைக்கும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் சின்ன உறையில் போட்டு உறையின் மேல் எழுதலாம், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே.