வெந்த கிழங்கும் செறிவும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழி உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பாடத்தைவிடச் சொற்களே அவளை மிரட்டுகின்றன. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வீதம் மனப்பாடம் செய்வதற்காக அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தொடக்கநிலை மாணவர் அவசியம் அறிய வேண்டிய உயிரியல் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தர முடியுமா? அவற்றைத் தமிழில் படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா? நீட் தேர்வுக்கு அது போதுமா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாகவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால் உடனே எழுதுகிறேன். தமிழா ஆங்கிலமா என்பது இங்கே பெரிய சிக்கலே அல்ல; விஷயம் பிடிபட்ட பிள்ளைக்கு இரண்டும் வந்துவிடும். நீட்டைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, என்னை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த அட்டையை இன்றே கழற்றுங்கள். மகளுக்குத் துணையாக உட்கார்ந்து நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது. இருந்தாலும் உயிரியலை இப்படித் தலைகீழாகத் தொடங்கிவைக்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங், பல்லி போலிருக்கும் சாலமாண்டரின் இளம் உயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றி, உட்கருவுக்குள் இழைகள் திரள்வதையும் நெடுக்காகப் பிளந்து விலகுவதையும் பார்த்துத் தீர்த்த பிறகே, 1882இல் அந்தச் செல் பிரிதலுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை 1866இல் வெளியிட்டபோது ஜீன் (மரபணு) என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1909இல். நாமோ எதையும் காட்டாமல், பெயரை மட்டும் பிள்ளையின் கையில் திணித்து ஒப்பிக்கச் சொல்கிறோம்.

பள்ளியில் எனக்கு உயிரியல் எடுத்த ஆசிரியை ஒருவர், சவ்வூடு பரவல் (சவ்வின் வழியே நீர் நகர்வது) என்ற சொல்லை வகுப்பில் உச்சரிக்கும் முன்பு இரண்டு உருளைக்கிழங்குகளோடு வந்தார். ஒன்று பச்சை, மற்றது வெந்தது. இரண்டையும் தோல் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டிச் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்துவிட்டு வேறு பாடம் நடத்தப் போய்விட்டார். மணி அடிப்பதற்குள் பச்சைக் கிழங்கில் கரைசல் ஊசியைத் தாண்டி ஏறியிருந்தது. வெந்ததில் ஏறவே இல்லை. முந்தைய ஆண்டே வரையறையை மனப்பாடம் செய்திருந்த நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெந்ததும் செல் சவ்வுகள் சிதைந்து, நீரோடு சர்க்கரையும் தடையில்லாமல் போய்வருகிறது என்பதை அவர் விளக்கிய பின்புதான், வரையறையில் 'சவ்வு' எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்பதே எங்களுக்கு உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் இடறி விழுவது பெரிய சொற்களில் அல்ல, செறிவு (ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பது) போன்ற சாதாரணச் சொற்களில். உங்கள் அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்காது. ஒரு நூலில் நீர் 'அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு' நகர்கிறது என்றிருக்கும். இன்னொன்றில் 'செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு' என்றிருக்கும். இரண்டும் சரி. முன்னதில் பேசப்படுவது நீரின் செறிவு, பின்னதில் கரைந்திருக்கும் பொருளின் செறிவு. இதை யாரும் பிரித்துச் சொல்லாததால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட ஏதோ ஒரு வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறது. கரைந்த பொருளின் செறிவு மிகுந்த கரைசலைக் குறிக்கும் ஹைப்பர்டானிக் என்பதும் அப்படித்தான்: எதோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் ஒரு கரைசலை அப்படி அழைப்பதில் பொருளே இல்லை. நம் ரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் விட்டால் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புநீரில் அது வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இந்த ஒப்பீடு மனத்தில் பதிந்துவிட்டால் ஹைப்போ (குறைந்தது), ஹைப்பர் (மிகுந்தது), ஐசோ (சமமானது) மூன்றையும் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை.

பட்டியல் கேட்டிருந்தீர்கள் அல்லவா, பாடநூலில் இருக்கும் கலைச்சொற்களே ஓராண்டுக்குத் தாராளம். அதைப் புரட்டுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிழங்குகளை வாங்கிக்கொடுத்து மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, பச்சைக் கிழங்கின் குழியில் தண்ணீரும் தட்டில் சர்க்கரைக் கரைசலுமாக மாற்றி வைத்தால் மட்டம் என்னவாகும் என்பதை, செய்வதற்கு முன்பே காரணத்தோடு எழுதி வைக்கட்டும். அவள் செறிவு என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எதன் செறிவு என்று மட்டும் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.