இரவு மலிவுக் கரண்டில் வீட்டு பேட்டரியை ஏற்றி வைத்தால் மலேசியாவில் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாது. பிரிட்டன்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அங்கே சில திட்டங்களில் நள்ளிரவு யூனிட் விலை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அவர்களுக்குச் சரிப்படுகிறது.

நம்மூரில் 2025 ஜூலை 1-இல் வந்த கட்டணத்தில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் மின்சாரக் கம்பெனியான தெனாகாவிடம் சொல்லி நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாமும் மலிவு. மாதம் 1,500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 28.52 சென் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்), மலிவு நேரத்தில் 24.43 சென். அவ்வளவுதான், நாலு காசு வித்தியாசம்! இதற்கு மேல் கொள்ளளவு, கம்பிக் கட்டணம் என்று இன்னொரு 17.40 சென் இருக்கிறது, அது எந்த நேரத்துக்கும் ஒன்றே. ஆக உண்மையான கணக்கு 45.92-க்கும் 41.83-க்கும் நடுவில்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலேயே, அதாவது எங்கள் குடியிருப்பிலேயே, என் மச்சான் ஒரு பேட்டரி வாங்கி மாட்டினார். விற்க வந்தவர் "அண்ணே, ராத்திரியில ஏத்துங்க, சாயங்காலம் செலவு பண்ணுங்க, பில்லு பாதியாயிடும்" என்றாராம். மச்சான் விடாப்பிடியான ஆள், மூன்று வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தார்: 100 யூனிட் உள்ளே போனால் வெளியே வருவது 87. மீதி எங்கே போகிறது என்றால், இன்வர்ட்டர் தலையில் ஒரு பல்லி ராத்திரியெல்லாம் சுகமாகப் படுத்திருக்கும், அந்தச் சூடுதான். இந்த இழப்பைச் சேர்த்தால் 41.83 சென்னுக்கு வாங்கிய கரண்டு திரும்பி வரும்போது 48 சென் ஆகிவிடுகிறது. நேரடியாக உச்ச நேரத்திலேயே வாங்கினால் 45.92 தானே? சேமிப்பு என்று நினைத்து யூனிட்டுக்கு ரெண்டு காசு நஷ்டம். இந்த வீண் யூனிட்டுகளால் மாதக் கணக்கு 600-ஐத் தாண்டிவிட்டால், அதுவரை கேட்காத 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (மாதாமாதம் வாடிக்கையாளர் சேவைக்கு வாங்குவது) வந்து சேரும்.

சரி, இழப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10 யூனிட் பேட்டரிக்கு ஒரு நாளைக்கு 41 சென் மிச்சம், மாதத்தில் 22 வேலை நாள், ஒன்பது வெள்ளி. மச்சான் கொடுத்தது பதினையாயிரம் வெள்ளி. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பேரன் காலத்திலும் முடியாது.

ஆனால் அவர் அதைக் கழற்றவில்லை. போன மாதம் காற்றில் ஒரு செம்பனை மட்டை கம்பியில் விழுந்து விடியும்வரை தாமானே இருட்டு, அவர் வீட்டு மீன் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் போன்கள் எல்லாம் அங்கேதான் சார்ஜ் ஆயின. கரண்டு அடிக்கடி போகும் இடம், வீட்டில் ஆக்சிஜன் மெஷின், கூரையில் சோலார், இப்படி ஏதாவது இருந்தால் பேட்டரி வாங்குங்கள். அது வேறு கணக்கு.

பில்லுக்காக மட்டும் என்றால் வேலையைத் தள்ளிப்போடுவதே போதும், அதற்குக் காசு செலவில்லை. மின்கார் இருந்தால் பத்து மணிக்கு மேல் சொருகுங்கள். துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவதையும் பத்து மணிக்கு மேல் மாற்றலாம் என்று பார்த்தேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வளர்ந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), ஜெனரேட்டர் காலத்தில். பத்து மணிக்கு கரண்டை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கும் ஒன்பதே முக்காலுக்கு என் சட்டையை அவசர அவசரமாகத் தேய்த்து மாட்டிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.